அகழி மீனும் ஏரி மீனும்

அண்ணாமலைச் சீமையின் நீர் வரலாறு – 12

1639 ஆகஸ்ட் 22. கடற்கரையோரம் ஒரு மணல்திட்டை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த நாள். சென்னையின் பிறந்தநாள் என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். வாங்கிய பிரான்சிஸ் டே பெயர் பலருக்குத் தெரியும். கொடுத்த தாமல் வெங்கடப்ப நாயக்கர் எந்த ஊரில் இருந்து அந்தக் கரையை ஆண்டார் என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு. அவர் இருந்தது வந்தவாசியில். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் வந்தவாசிதான். அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்து கடற்கரையைக் கவனித்தார். அண்ணன் உள்நாட்டில், அகழி சூழ்ந்த கோட்டையில் இருந்தார்.

விஜயநகரப் பேரரசு தேய்ந்து, சந்திரகிரியிலும் வேலூரிலுமாக ஒடுங்கியிருந்த காலம் அது. அரசர் பெயரளவில் மேலே இருந்தார். நிலத்தில் அதிகாரம் செலுத்தியவர்கள் நாயக்கர்களும் அவர்களுக்குக் கீழே இருந்த பாளையக்காரர்களும்தான். அவர்களுடைய இருப்பிடம் எப்படி இருந்தது என்று பார்த்தால் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும். சதுரமோ நீள்சதுரமோ ஆன ஒரு கோட்டை, அதைச் சுற்றி அகழி, அருகே ஒரு கோயில், சற்று மேட்டில் ஓர் ஏரி. வந்தவாசிக்கு இது பொருந்தும். ஆரணிக்கும் பொருந்தும். பெரிய அளவில் வேலூருக்கும் செஞ்சிக்கும் பொருந்தும்.

சென்ற பகுதிகளில் மலையடிவாரத் தீர்த்தங்களைப் பார்த்தோம். இந்தப் பகுதியில் ஒரே ஒரு கேள்வியைப் பின்தொடர்வோம். தேங்கிய நீரில் வளர்ந்த மீன் யாருக்குச் சொந்தமாக இருந்தது? எளிய கேள்விதான். ஆனால் ஒரு நாட்டில் நீரை ஆண்டவர் யார், நீரைக் காத்தவர் யார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கேள்வி வேறில்லை.

கடலுக்கு அப்பால் ஒரு வழக்கம்

நம் சீமைக்குள் இறங்குவதற்கு முன் இங்கிலாந்தை ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே 13ஆம் நூற்றாண்டிலும் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சிற்றூர்ப் பிரபுக்களிடையே ஒரு வழக்கம் பரவியது. தங்கள் பண்ணை வீட்டைச் சுற்றி அகழி வெட்டி, வீட்டை ஒரு சிறு தீவாக மாற்றினார்கள். இப்படிப்பட்ட இடங்கள் இங்கிலாந்து முழுவதும் ஐயாயிரத்துக்கு மேல் அடையாளம் காணப்பட்டுள்ளன. கிழக்கிலும் நடுப்பகுதியிலும், களிமண் பூமி உள்ள மாவட்டங்களில், அவை மிகுதி. கென்ட் பகுதியில் உள்ள ஐதம் மோட் என்ற வீடு இன்றும் நீர் நிறைந்த அகழியோடு நிற்கிறது.

இந்த அகழிகளில் பெரும்பாலானவை படையைத் தடுக்கும் அளவுக்கு ஆழமானவை அல்ல. கள்வரையும் காட்டு விலங்கையும் தடுத்தன, தாழ்நிலத்தின் நீரை வடித்தன, தீப்பிடித்தால் உதவின. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருப்பவர் சாதாரணக் குடியானவர் அல்ல என்று ஊருக்கு அறிவித்தன. பேரரசன் கோட்டைக்கு அகழி இருந்தது. பெருங்கோமான் அதைப் பார்த்து வெட்டினார். அவரைப் பார்த்துச் சிற்றூர் மணியக்காரர் நிலையில் இருந்தவரும் வெட்டினார்.

அகழியோடு சேர்ந்து வந்தவை மீன் குளங்கள். கிறித்தவ நோன்பு நாள்களில் இறைச்சி கூடாது, மீன் கூடும். வெள்ளிக்கிழமைகளும், ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட தவக்காலமும், இன்னும் பல விழாக்களின் முன்னாள்களும் நோன்பு நாள்கள். கடலுக்குத் தொலைவில் இருந்தவர்களுக்கு நன்னீர் மீன் விலையுயர்ந்த பண்டம். ஆகவே ஓடையை மறித்து வரிசையாகக் குளங்கள் கட்டினார்கள். இனப்பெருக்கத்துக்கும் வளர்ப்புக்கும் பெரிய குளம், சமையலறைக்குத் தேவையானபோது பிடிக்க வீட்டருகே சிறிய குளம். ப்ரீம், பைக் போன்ற மீன்களை வளர்த்தார்கள். கார்ப் என்னும் கெண்டை வகை அங்கே வந்து சேர்ந்தது 15ஆம் நூற்றாண்டில்தான். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை குளத்தை முழுக்க வடித்து, மீனைப் பிடித்து, அடியைக் காயவிட்டுச் சுத்தம் செய்வார்கள். அந்த மீன் பிரபுவின் மேசைக்கும் மடாலயத்தின் மேசைக்கும் போனது. இன்னொரு பிரபுவுக்குப் பரிசாகவும் போனது. குளத்தை வெட்டிய குடியானவருக்கு அதில் உரிமை கிடையாது. திருட்டுத்தனமாகப் பிடித்தால் தண்டனை உண்டு.

அங்கே வீடும் அகழியும் குளமும் மீனும் ஒரே ஆளின் சொத்து. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பக்கம் திரும்புவோம்.

அகழி நமக்குப் புதிதல்ல

கோட்டையைச் சுற்றி ஒன்றல்ல, மூன்று அகழிகள் வெட்டச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். அவற்றில் தாமரையும் முதலையும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதே நூல், நீர்த்தேக்கங்களில் கிடைக்கும் மீன் அரசனுக்கு உரியது என்று விதிக்கிறது. சங்கப் பாடல்களில் முதலை திரியும் அகழிகள் உண்டு. மணிமேகலையில் வஞ்சி நகரத்தின் அகழி வருணிக்கப்படுகிறது. நகரத்து மக்கள் நீராடிய வாசனை நீரெல்லாம் வடிந்து வந்து அகழியில் கலந்ததால், அங்கிருந்த முதலைக்கும் மீனுக்கும் இருந்த புலால் நாற்றமே மாறிவிட்டதாம். கவிஞரின் கற்பனை ஒருபுறம் இருக்கட்டும். நகரத்தின் கழிவுநீர் அகழிக்குப் போகும் என்பதும், அகழியில் மீன் இருக்கும் என்பதும் கேட்பவர்களுக்குத் தெரிந்த செய்தியாக இருந்திருக்கின்றன.

அரசர்கள் மீனைப் பொழுதுபோக்காகவும் வளர்த்தார்கள். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம், மீன் வகைகளைப் பட்டியலிட்டு, எந்த மீனுக்கு எந்த இரை போடுவது, எப்படித் தூண்டில் இடுவது என்றெல்லாம் விரிவாகச் சொல்கிறது. ஆகவே அரண்மனை நீரும் அரசனின் மீனும் இந்த மண்ணுக்கு அந்நியமானவை அல்ல.

ஆனால் நம் சீமையில் ஓர் அகழியை நிரப்புவது எளிதான காரியம் அன்று. இங்கிலாந்தின் களிமண் பூமியில் நாலு முழம் தோண்டினால் நீர் நின்றுவிடும், ஆண்டு முழுவதும் மழைத் தூறலும் உண்டு. அண்ணாமலைச் சீமை கருங்கல் பூமி. செய்யாறும் தென்பெண்ணையும் மழைக்காலத்தில் ஓடும், கோடையில் மணல் காட்டும். ஆடி ஆவணியில் கொஞ்சம், ஐப்பசி கார்த்திகையில் பெரும்பங்கு என்று சில மாதங்களில் பெய்து முடிந்துவிடும் மழை. வெறும் பள்ளம் வெட்டினால் மாசியிலேயே வற்றிப்போகும். அகழியில் ஆண்டு முழுவதும் நீர் நிற்க வேண்டுமானால் அதற்கு மேலே ஓர் ஏரி நிறைந்திருக்க வேண்டும்.

வேலூர்க் கோட்டை இதற்கு நல்ல சான்று. 16ஆம் நூற்றாண்டில் சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்த அந்தக் கோட்டை 133 ஏக்கர் பரப்பு கொண்டது. ஏறத்தாழ 190 அடி அகலம் உள்ள அதன் அகழிக்கு நீர் வந்தது சூரியகுண்டம் என்ற நீர்த்தேக்கத்தில் இருந்து. அகழியில் முதலைகள் விட்டிருந்தார்கள் என்பது ஊர் வழக்கு. திருவண்ணாமலையில் இருந்து கிழக்கே போகும் சாலையில் உள்ள செஞ்சியிலும் இப்படித்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து, மதிலுக்கு வெளியே ஏறத்தாழ 80 அடி அகல அகழி வெட்டினார்கள். உள்ளே சக்கரக்குளம், செட்டிகுளம், கலியாண மகாலுக்கு மண்குழாய் வழியே நீர் என்று ஒரு நீர் அமைப்பையே கட்டியிருந்தார்கள். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்தது. உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு மதிலும் மலையும் மட்டும் காரணமல்ல. உள்ளே குடிக்க நீர் இருந்தது.

இதற்கும் முன்னோடி கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராஜேந்திரன் தன் தலைநகரத்தை அமைத்தபோது அதற்கு மேற்கே சோழகங்கம் என்ற மாபெரும் ஏரியை வெட்டினான். கங்கை வரை போய் வென்றதன் நினைவாக நீரையே வெற்றித்தூணாக நிறுத்தினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பாராட்டுகிறது. மாளிகைமேட்டில் தொல்லியல் துறை தோண்டியபோது அரண்மனையின் செங்கல் அடித்தளங்கள் வெளிப்பட்டன. அந்த அரண்மனை மண்ணுக்குள் போன பிறகும் பொன்னேரி என்ற பெயரில் ஏரி மிஞ்சியது.

இங்கே அகழி என்பது ஏரியின் பிள்ளை. அகழி வெட்டிய தலைவன், ஏரியை வெட்டியவர்களையும் காத்தவர்களையும் நம்பித்தான் வாழ வேண்டியிருந்தது. நம் வரலாறு இங்கிலாந்தின் வரலாற்றில் இருந்து பிரியும் இடம் இது.

மீன் காசு, ஏரிக் காசு

இந்த மாவட்டத்தின் வடகிழக்கு முனையில், காஞ்சிபுரத்துக்கு அருகில், தூசி மாமண்டூர் ஏரி இருக்கிறது. பாலாற்றுத் தண்ணீரை வாங்கும் பெரிய ஏரி. பல்லவர் காலத்தில் அதற்குச் சித்திரமேகத் தடாகம் என்று பெயர். முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் அதன் கரையோரப் பாறையில் உள்ளன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஏரி நிற்கிறது. எந்த அரசமரபும் அவ்வளவு காலம் நிற்கவில்லை. அது நின்றதற்குக் காரணம், அதைப் பராமரிக்கும் ஏற்பாடு அரசமரபைச் சார்ந்து மட்டும் இருக்கவில்லை என்பதுதான்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அவற்றில் ஏரி வாரியம் என்ற குழுவைத் தேர்ந்தெடுக்கும் விதிகளும் உண்டு. கரையை உயர்த்துவது, மதகைச் செப்பனிடுவது, தூர் வாருவது எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு. ஓடம் வைத்து ஏரியின் வண்டலை அள்ளிக் கரையில் கொட்டுவதற்கென்றே கொடை எழுதி வைத்தவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

இதற்கெல்லாம் பணம் வந்த வழிகளில் ஒன்று மீன். பாசிப்பாட்டம் என்று கல்வெட்டுகள் சொல்வது ஏரி மீனைப் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்திய குத்தகை. அந்த வருவாயை ஏரியின் பராமரிப்புக்கே ஒதுக்கிய கல்வெட்டுகள் சோழர் காலத்திலும் விஜயநகரக் காலத்திலும் உண்டு. கோயிலுக்குக் கொடுத்ததும் உண்டு, அரசுக்குப் போனதும் உண்டு. ஆனால் மீன் காசு ஏரிக்கே திரும்பிய அந்த ஏற்பாட்டில் இருந்த அறிவை நாம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஏரி ஆண்டுக்கு ஒரு முறை நிறைந்து ஒரு முறை வற்றும். கார்த்திகையில் ஏரி நிறைந்து கலங்கலில் வழியும். ‘ஏரி கோடி போகுது’ என்று இந்தப் பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அப்போது கெண்டையும் கெளுத்தியும் புதுத்தண்ணீரை எதிர்த்து ஏறும், சிறுவர்கள் கோடியில் துணி விரித்துப் பிடிப்பார்கள். தை, மாசி, பங்குனி முழுவதும் மதகு வழியே தண்ணீர் வயலுக்குப் போகும், மீன் வளரும். சித்திரையில் தண்ணீர் குட்டையாகச் சுருங்கும்போது மீன் ஓரிடத்தில் சேரும். குத்தகை எடுத்தவர்கள் வலை இறக்கும் நேரம் அதுதான். விராலும் குறவையும் காற்றையும் சுவாசிக்கத் தெரிந்தவை. சேறு ஈரமாக இருக்கும் வரை உயிர் பிடித்துக் கிடக்கும், அடுத்த மழையில் மீண்டும் ஏரியை நிரப்பும்.

மீன் பிடித்து முடியும்போது ஏரியின் அடி வெளியே தெரியும். அப்போது வயலில் வேலை இல்லை, ஆளும் மாடும் சும்மா இருக்கும். வண்டல் கண்ணெதிரே கிடக்கும், மீன் காசு கையில் இருக்கும். தூர் வாரத் தேவையான காலம், ஆள், பணம் மூன்றும் ஒரே மாதத்தில் வந்து கூடின. வாரிய வண்டலோ வயலுக்கு எருவாகும். இங்கிலாந்தின் பிரபு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆள் வைத்துக் குளத்தை வடித்தார். நம் சீமையில் வெயில் ஆண்டுதோறும் கூலி இல்லாமல் அந்த வேலையைச் செய்தது. அந்த வெயிலைக் கணக்கில் சேர்த்து ஓர் ஊர் நிதியையே அமைத்தார்கள் நம் முன்னோர்.

இன்னொரு நன்மையும் உண்டு. மீன் பிடிப்பவருக்குத் தண்ணீர் சீக்கிரம் குறைந்தால் நல்லது, உழவருக்குத் தண்ணீர் நீண்ட நாள் நின்றால் நல்லது. இந்த இரண்டு ஆசைகளும் மோதும் இடம் மதகு. மீன் குத்தகையும் மதகுத் திறவுகோலும் ஒரே குழுவின் கையில் இருந்தவரை அந்த மோதலை ஊருக்குள்ளேயே தீர்க்க முடிந்தது.

பிடிக்கக் கூடாத மீன்

அகழியும் ஏரியும் போக மூன்றாவது வகை நீர் கோயில் குளம். அண்ணாமலையார் கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும் இருக்கின்றன. கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஆயிரங்கால் மண்டபத்தையும் அதன் எதிரில் குளத்தையும் அமைத்து, 217 அடி உயர ராஜகோபுரத்தைத் தொடங்கினார். கோபுரத்தை முடித்தவர் தஞ்சையின் சேவப்ப நாயக்கர். ஊருக்குள் ஐயங்குளம் இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்குப் பிறகு மூன்று நாள் தெப்பல் நடப்பது அங்கேதான். கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்களை ஒட்டியும் தீர்த்தங்கள் உண்டு.

இந்தக் குளங்களிலும் மீன் இருக்கும். அதை யாரும் பிடிப்பதில்லை. வருகிறவர்கள் பொரி வாங்கிப் போடுகிறார்கள். நாட்டின் மிகப் பெரிய பேரரசன் வெட்டிய குளத்தின் மீன் அந்தப் பேரரசனின் மேசைக்குப் போகவில்லை என்பது எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தி அல்ல. தலைவன் தன் செல்வத்தைக் காட்ட வீட்டைச் சுற்றி நீர் நிறுத்திய நாடு இங்கிலாந்து. இங்கேயும் தலைவர்கள் கோட்டைக்கு அகழி வெட்டினார்கள். ஆனால் தங்கள் பெயரை நிலைநிறுத்த வேண்டும் என்று எண்ணியபோது கோயிலுக்குக் குளமும் ஊருக்கு ஏரியும் வெட்டினார்கள். புகழ் அங்கேதான் கிடைத்தது.

இதற்கு முன்பும் அப்படித்தான். போசள மன்னன் மூன்றாம் வல்லாளன், துவாரசமுத்திரம் டெல்லிப் படைகளால் சூறையாடப்பட்ட பிறகு திருவண்ணாமலையைத் தன் தலைநகராகக் கொண்டான். 1342இல் மதுரை சுல்தானுடனான போரில் பிடிபட்டு இறந்தான். அவன் அரண்மனையை இன்று ஊரில் காட்ட ஆள் இல்லை. அவன் பெயரால் வல்லாள கோபுரம் நிற்கிறது. மாசி மகத்தன்று அண்ணாமலையாரே பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய், வல்லாளனின் மகனாக நின்று அவனுக்குத் திதி கொடுக்கிறார்.

வலை வீசிய கையும் தீபம் ஏற்றும் கையும்

ஏரியிலும் ஆற்றிலும் வலை வீசியவர்கள் யார்? வடதமிழ்நாட்டில் அவர்கள் செம்படவர்கள். தங்களைப் பருவதராஜகுலத்தவர் என்று அழைத்துக்கொள்வார்கள். கடலில் இறங்கும் பரதவரும் பட்டினவரும் வேறு, ஏரி, குளம், ஆறு என்று நன்னீரையே தொழிலிடமாகக் கொண்ட இவர்கள் வேறு. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பும் இந்த வேறுபாட்டைக் குறித்திருக்கிறது. பார்வதியின் தந்தை பருவதராஜனின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய குலவரலாறு.

கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றும் உரிமை இந்தப் பருவதராஜகுலத்தாருடையது. கொப்பரைக்கு நெய்யும் திரியும் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் கைதான் அதை ஏற்றும். இலட்சக்கணக்கானோர் கீழே நின்று அந்த ஒரு சுடருக்காகக் காத்திருக்கிறார்கள். செஞ்சிக்கு அருகே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலிலும் பூசை உரிமை இதே சமூகத்தாருக்கு உண்டு. மயானக் கொள்ளையும் அமாவாசை ஊஞ்சலும் அவர்கள் முன்னின்று நடத்துபவை.

ஏரி மீன் பிடிப்பவர் ஒரு கூலியாகவோ, பிரபுவின் குளத்துக்கு வேலைக்காரராகவோ மட்டும் இருந்திருந்தால் இந்த உரிமை எழுந்திருக்காது. நீரோடு வாழ்ந்தவர்களுக்கு நெருப்பின் முதல் மரியாதையைக் கொடுத்த ஊர் இது. சாதி அடுக்கு இங்கே கடுமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த அடுக்குக்குள்ளேயே ஏரியைச் சார்ந்த தொழிலுக்கு ஒரு பொது மதிப்பு இருந்தது என்பதும் உண்மை. உழவர், வயலுக்கு நீர் பங்கிடும் நீர்க்கட்டி, மீனவர், கோயில் என்று பலரும் ஒரே நீரில் பங்கு வைத்திருந்தார்கள். அந்தப் பங்கு சமமானதாக இல்லை. ஆனாலும் எவருக்கும் அது முழுச்சொத்தாகவும் இல்லை.

அகழிகள் தூர்ந்த நூற்றாண்டு

18ஆம் நூற்றாண்டில் இந்தச் சீமை முழுவதும் போர்க்களம் ஆனது. 1751 டிசம்பரில் ஆரணியில் ராபர்ட் கிளைவ், பிரெஞ்சுக்காரர் துணையோடு வந்த ராசா சாகிப்பை வென்றார். 1767 செப்டம்பரில் செங்கம் கணவாயிலும் பிறகு திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படை ஐதர் அலியையும் ஐதராபாத் நிசாமையும் எதிர்த்து நின்றது. அண்ணாமலையார் கோயிலின் மதிலே கோட்டையாகப் பயன்பட்டு, பல முறை முற்றுகைக்கு ஆளானது. 1782 ஜூனில் ஆரணி அருகே ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் ஐதரும் மீண்டும் மோதினார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் நடந்தது. கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலியை அயர் கூட் வந்து தாக்கினார். பிரெஞ்சுப் படையின் இடப்பக்கம் ஒரு குளத்தின் கரையை அரணாக்கி நின்றது. அங்கே இருந்த வெடிமருந்து வண்டி ஒன்று பீரங்கிக் குண்டு பட்டு வெடித்தது. குளக்கரையைக் காத்தவர்கள் சிதறினார்கள், ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள், பிரெஞ்சுத் தளபதிகளில் ஒருவரான புஸ்ஸி சிறைப்பட்டார். இந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் முடிவு அங்கே தொடங்கியது. பயிருக்காகக் கட்டிய கரையின் மேல் ஒரு கண்டத்தின் எதிர்காலம் அன்று தீர்மானமானது.

அதே கோட்டையை 1780–81இல் லெப்டினன்ட் பிளின்ட் ஒரு சிறு படையோடு ஐதருக்கு எதிராகக் காத்தார். ஆனால் 1783இல் ஆங்கிலேயரே அதன் அரண்களைத் தகர்த்தார்கள். இனி எதிரி கைக்குப் போகக் கூடாது என்ற கணக்கு. 1801க்குள் ஆற்காட்டுச் சீமை கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்ததும் கோட்டைகளுக்குப் பயன் இல்லாமல் போயிற்று. கவனிப்பார் இல்லாத அகழிகள் தூர்ந்தன. சிலவற்றின் மேல் வீடுகள் எழுந்தன, சில சாக்கடைகள் ஆயின.

அகழி போனதில் ஊருக்குப் பெரிய இழப்பு இல்லை. இழப்பு ஏரியில் நேர்ந்தது. ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு உழவரிடமும் தனித்தனியே வரி வாங்கியது. ஊர் என்ற பொது அமைப்பு வருவாய்க் கணக்கில் இருந்து மறைந்தது. ஏரிக்கென்று இருந்த மானியங்கள் சுருங்கின. பல ஏரிகளில் மீன் குத்தகைப் பணமும் மரக் குத்தகைப் பணமும் பொதுக் கணக்குக்குப் போயின. பணத்தை எடுத்துக்கொண்ட அரசு உழைப்பை மட்டும் ஊரிடம் எதிர்பார்த்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த கட்டாய உழைப்புச் சட்டம், ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தைச் சட்டத்தின் பலத்தால் நடத்தப் பார்த்தது. ஊர் தன் நிதியோடும் உரிமையோடும் செய்த வேலையை, உரிமையை எடுத்துவிட்டுச் சட்டம் போட்டுச் செய்யச் சொன்னால் நடக்குமா? நடக்கவில்லை.

இன்றைய மீன்

1907இல் பிரடெரிக் நிக்கல்சனின் பொறுப்பில் சென்னை மாகாணத்தில் மீன்துறை தோன்றியது. பின்னர் வடநாட்டு ஆறுகளின் கட்லா, ரோகு, மிர்கால் நம் ஏரிகளுக்கு வந்தன. 1952இல் வந்த திலேப்பியாவை நம் மக்கள் ஜிலேபிக் கெண்டை ஆக்கிக்கொண்டார்கள். 1957இல் ஹீராலால் சௌத்ரி ஊசி மூலம் மீன்களை முட்டையிடச் செய்த முறை, குஞ்சுப் பண்ணைகளுக்கு வழி திறந்தது. தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் முடிந்த சாத்தனூர் அணை, 119 அடி உயரமும் 7,321 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்டு, இந்தச் சீமையின் பெரிய மீன்வளமாகவும் ஆனது. சாத்தனூர் மீன் வறுவலைத் தேடி இன்றும் மக்கள் போகிறார்கள்.

மீன் பெருகியது நல்லது. ஆனால் ஏரி மீன் இன்று வெறும் குத்தகைப் பொருள். ஏலம் எடுப்பவர் குஞ்சு விடுகிறார், பிடிக்கிறார், போகிறார். ஏரியின் ஆழம் குறைவதும் வரத்துக் கால்வாய் அடைபடுவதும் அவர் கணக்கில் வராது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சிலர் திருட்டுத்தனமாக வளர்க்க, வெள்ளத்தில் தப்பிய அந்த மீன் உளுவையையும் அயிரையையும் விரால் குஞ்சையும் தின்று தீர்க்கிறது. சில ஊர்களில் மீனுக்காக மதகைத் திறந்ததாக உழவர்களும் குத்தகைதாரர்களும் சண்டையிட்டுக்கொள்கிறார்கள். ஒரே குழுவின் கையில் இருந்த மீனும் மதகும் தூரும் மூன்று கைகளுக்குப் பிரிந்ததன் விளைவு இது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் இருக்கின்றன. 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கிப் பல ஏரிகளைத் தூர் வாரியது. பழைய பெயர் திரும்பியதில் மகிழ்ச்சி. பழைய நிதி அமைப்பும் திரும்ப வேண்டும். ஒவ்வோர் ஏரியின் மீன் குத்தகைப் பணமும் அந்த ஏரியின் பெயரில் தனிக் கணக்காக நிற்கட்டும். கோடை வந்ததும் அந்தப் பணம் கரைக்கும் மதகுக்கும் வரத்துக் கால்வாய்க்கும் செலவாகட்டும். கணக்கு ஊர்ச் சபையில், கிராமசபைக் கூட்டத்தில், உரக்கப் படிக்கப்படட்டும். குத்தகையில் உள்ளூர் மீனவர்களுக்கு முன்னுரிமை இருக்கட்டும். இதற்குப் புதிய தத்துவம் எதுவும் வேண்டாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்த ஏற்பாடுதான்.

தனக்கென்று அகழி வெட்டியவர்களின் கோட்டைகள் இந்தச் சீமையில் இடிபாடுகளாகிவிட்டன. ஊருக்கென்று ஏரி வெட்டியவர்களின் கரைகள், காயத்தோடும் ஆக்கிரமிப்போடும், இன்னும் நீரைத் தாங்கி நிற்கின்றன. எதைக் காக்க வேண்டும் என்பதை வரலாறு நமக்குத் தேர்ந்தெடுத்தே கொடுத்திருக்கிறது. தேர்ந்ததைக் காப்பாற்றும் வேலைதான் நம்முடையது.

(அடுத்த பகுதியில்: படைவீட்டுச் சம்புவராயர்களும் கமண்டல ஆற்றுப் பாசனமும்)